பதினோராவது கொப்பி

அத்தியாயம் ஒன்பது

மணி பத்தேகால். ஹட்டன் பிரஜாவுரிமை அலுவலகமான விசாரணைக் கந்தோரில் அம்மாக்கண்ணுவின் பெயரைக் கூப்பிட இன்னும் மூன்றே முக்கால் மணி நேரம் இருந்தது. கொட்டகலை மலைச்சரிவில் இருந்த அந்தச் சின்ன மாதா கோயிலுக்குள் நாங்கள் ஓடி நுழைந்தபோது பெய்த மழையைப் பற்றி நான் அதிகம் சொல்லப் போவதில்லை. ஒவ்வொரு துளியும் ஒரு தேங்காய் அளவு இருந்தது என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

நாங்கள் மூன்று பேர். முதலாமவர் ஹட்டன் கடைத்தெருவில் மணிக்கூடு பழுது பார்க்கும் பைஸர். என்னைவிடப் பன்னிரண்டு வயது இளையவர். ஆனாலும் ஊரே 'நானா', அதாவது அண்ணன், என்று கூப்பிடுவதால் நானும் அப்படியே கூப்பிடுகிறேன். வலது கண்ணில் எந்நேரமும் ஒரு பூதக்கண்ணாடி. அதைக் கழற்றிவிட்டு வீட்டுக்குப் போனால் அவருடைய மனைவி றுக்கையாவே, "யாரைத் தேடி வந்தீங்க?" என்று கேட்டுவிடுவார். இரண்டாவது ஆள் நான், பழனியாண்டி. கொட்டகலை ஸ்டேஷனில் முப்பத்தொரு வருஷம் சிக்னல் இழுத்து ஓய்வு பெற்றவன். நான் கையைத் தூக்கினால் இன்றைக்கும் இரண்டொரு ரயில் நிற்கும்.

மூன்றாவது அம்மாக்கண்ணு, ஏழுகல் தோட்டத்தில் கொழுந்து பறிப்பவள். மடியில் ஒரு துணிப்பை, அதில் அவளுடைய பிரஜாவுரிமை மனுவின் தாள்கள். தாள்களுக்கு மேலே, காலையில் மாரியம்மன் கோயிலில் பூசாரி கொடுத்த ஒரு எலுமிச்சங்காய்.

மனுவில் ஒரே ஒரு ஓட்டை. 1941 மார்ச்சிலிருந்து 1942 மே வரை, பதினான்கு மாதம், அவள் பெயர் எந்தத் தோட்டத்துப் பெயர்ப் பதிவிலும் இல்லை. அப்போது அவள் இந்தியாவுக்குப் போயிருக்க வேண்டும் என்பது கந்தோரின் சந்தேகம். பன்னிரண்டு மாதத்துக்கு மேல் போயிருந்தால் மனு செல்லாது என்பது சட்டம். போகவில்லை என்று காட்ட, அந்தக் காலத்திலேயே எழுதிய எழுத்து ஒன்று வேண்டும். வாய்ச்சாட்சி போதாது. இன்று இரண்டு மணிக்கு அது மேசை மேல் இல்லாவிட்டால், இந்த மலையிலேயே பிறந்த அம்மாக்கண்ணுவும் அவள் மகள் பூரணியும் உலகத்தில் எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாதவர்கள்.

அந்தப் பதினான்கு மாதமும் அவள் எங்கேயும் போகவில்லை. இதோ, இந்தக் கோயிலின் மணிக்கூண்டு அறையில்தான் இருந்தாள். தோட்டத்தில் சங்கம் சேர்த்ததற்காக அவள் புருஷன் மாயாண்டிக்குப் 'பத்துச் சீட்டு' என்ற வேலைநீக்கத் தாளைக் கொடுத்து நிறுத்தி, லயத்து வீட்டுக் கதவையும் பூட்டிவிட்டார்கள். கைக்குழந்தையோடு மழையில் நின்றவர்களை உள்ளே கூட்டிவந்தவர் பாதர் லூயி. பிரெஞ்சுக்காரர். மாயாண்டி இப்போது இல்லை. பாதர் லூயியும் போன வருஷம் காலமாகிவிட்டார். சாகும்போது அவளிடம் சொல்லிவிட்டுத்தான் போனார்: "பயப்படாதே தாயி. எல்லாம் எழுதி வச்சிருக்கேன். கிரகோரியாரோட கடைசிக் கொப்பியில இருக்கு."

அந்தக் கடைசிக் கொப்பிதான், ஒரு தடித்த நோட்டுப் புத்தகம், இப்போது பைஸர் நானாவின் கையில் இருந்தது.

அவர் வாசித்துக்கொண்டிருந்த நேரத்தில் நான் கோயிலைப் பார்த்தேன். மலை கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்குவதால் அந்தக் கட்டடமே வலப்பக்கம் சரிந்திருந்தது. பெஞ்சுகள் சாய்ந்திருந்தன, அலமாரி சாய்ந்திருந்தது, மாதா சுரூபம்கூடப் பக்கத்து வீட்டில் பேசுவதை ஒட்டுக் கேட்பது போலத் தலை சாய்த்து நின்றது. இங்கே ஒரு வருஷம் பூசைக்கு வந்தவன் சமதரையில் நடந்தால் விழுந்துவிடுவான். மூலையில் இருந்த, காலால் மிதித்து வாசிக்கும் கால் ஆர்மோனியம் மட்டும் புது வருஷத்துக்கு உடுப்புப் போட்ட கான்ஸ்டபிள் மாதிரி நிமிர்ந்து நின்றது.

"இல்லை அண்ணே," என்றார் பைஸர், கொப்பியை மூடி. "ராஜா இருக்காரு, ராணி இருக்காங்க, கொள்ளைநோய் இருக்கு. அம்மாக்கண்ணு இல்லை."

"இன்னொரு தடவை பாருங்க நானா," என்றாள் அம்மாக்கண்ணு. "லூயி சாமி பொய் சொல்ல மாட்டாருங்க."

"மூணு தடவை பாத்துட்டேன் தங்கச்சி."

கொப்பிகளை எடுத்துக் கொடுத்த உபதேசியார் சவரிமுத்து கைகட்டி நின்றார். அறுபது வயது, எலும்பும் தோலும். பாதருக்கு வலது கையாக இருபத்தைந்து வருஷம் கோயிலைப் பார்த்துக்கொண்டவர். வலது கை ஆட்காட்டி விரலில் மை ஊறி ஊறி, அந்த விரலை மட்டும் வெட்டி வைத்தால் ஒரு வருஷத்துக்குக் கடிதம் எழுதலாம்.

"உபதேசியாரே," என்றார் பைஸர், "நான் முஸ்லிம், அண்ணன் முருக பக்தர், இந்தத் தங்கச்சி மாரியம்மா பிள்ளை. எங்களுக்கு விளங்குற மாதிரி சொல்லுங்க. யாரு இந்தக் கிரகோரியாரு?"

உபதேசியாரின் முகம் கொஞ்சம் மலர்ந்தது. "நம்ம பாதரோட சொந்த ஊரு தூர் பட்டணம். ஆயிரத்து முந்நூறு வருஷத்துக்கு மேல இருக்கும், அங்க மேற்றிராணியாரா இருந்தவரு. நீங்க பிஷப்புன்னு சொல்றீங்களே, அதுதான். அந்தக் காலத்து ராஜாக்களோட சரித்திரத்தைப் பத்துப் புத்தகமா எழுதினாரு. பாதர் அதை இருபது வருஷமாத் தமிழ்ல மொழிபேர்த்தாரு. ஒரு புத்தகத்துக்கு ஒரு கொப்பி. நான் சுத்தப் பிரதி எழுதினேன்."

"ராஜாவைப் புகழ்ந்தா?"

"எங்க புகழ்ந்தாரு? அண்ணனைத் தம்பி கொன்னதை எழுதினாரு, ஆலங்கட்டி மழை பேஞ்சதை எழுதினாரு, நோயில பிள்ளைங்க செத்ததை எழுதினாரு. பாத்ததையெல்லாம் எழுதிட்டாரு. ராஜாவுக்குப் பயந்து கோயிலுக்குள்ள ஓடி வந்தவங்களை, 'வெளியே அனுப்பு, இல்லாட்டி ஊரையே கொளுத்துவேன்'னு ராஜா ஆள் அனுப்பினான். அவரு அனுப்பல."

"எங்க சாமி மாதிரியே," என்றாள் அம்மாக்கண்ணு மெல்ல.

"இங்க ராஜா இல்லை, துரை," என்றேன் நான். "தொப்பி மட்டுந்தான் வித்தியாசம்."

யாரும் சிரிக்கவில்லை. நான் சொன்ன நகைச்சுவைகளில் மிகச் சிறந்த நாலாயிரத்தில் அது ஒன்று. ஆனாலும் மணி பதினொன்றை நெருங்கிக்கொண்டிருந்தது.

"அவருக்கு எதிரிங்க இருந்தாங்களா?" பைஸர் விடவில்லை.

"சொந்தக் கோயில்லயே இருந்தான். அவருக்குக் கீழ வேலை பாத்த ஒரு குருவானவன். 'மேற்றிராணியார் ராணியைப் பத்தித் தப்பாப் பேசினாரு'ன்னு போய்க் கோள் மூட்டினான்."

"அதையும் எழுதிட்டாரா? பேரோட?"

"பேரோட." உபதேசியார் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அவனைக் கொல்லச் சொல்லித் தீர்ப்பாச்சு. மேற்றிராணியார்தான் கெஞ்சி உயிரைக் காப்பாத்திவிட்டாரு."

பைஸர் கொப்பிகளைக் கட்டியிருந்த தோல் வாரை எடுத்துப் பூதக்கண்ணாடிக்கு நேரே பிடித்தார்.

"அண்ணே, இந்தப் பத்துக் கொப்பியையும் அடுக்கி வாரைப் போடுங்க."

போட்டேன்.

"எந்த ஓட்டையில நிக்குது?"

"பக்கிள் பக்கமிருந்து எண்ணினா மூணாவதுல."

"மூணாவது ஓட்டை புதுசு மாதிரி இருக்கு. வாரைத் தளர்த்தினா வர்ற நாலாவதைப் பாருங்க. பக்கிள் முள்ளு குத்திக் குத்தி வாய் பொளந்து கிடக்கு. பல வருஷமா இந்த வார் நாலாவதுலதான் மாட்டியிருக்கு. அப்ப உள்ள இருந்தது பத்து இல்லை. இன்னொரு கொப்பி இருந்திருக்கு."

உபதேசியார் வாரின் நாலாவது ஓட்டையைத் தடவிப் பார்த்தார்.

"ஆமாங்க," என்றார். "பதினோராவது ஒண்ணு இருந்துச்சு. மேற்றிராணியார் எழுதினது பத்துதான். அது பாதர் சொந்தமா எழுதினது. 'அவரு தன் ஊர்ல நடந்ததை எழுதினாரு, நான் என் ஊர்ல நடந்ததை எழுதணும்'னு சொல்லி, அன்னன்னைக்கு நடந்ததை எழுதிக் கடைசியில ஒரு கொப்பியாச் சேர்த்தாரு. கிரகோரியார் எழுதாததைக் கிரகோரியார் பேர்ல சேர்க்கலாமா? சுத்தப் பிரதியில சேர்க்கலை."

"சேர்க்க வேணாம். அது இப்ப எங்க?"

"எரிச்சுட்டேன்."

அம்மாக்கண்ணு கத்தவில்லை, மாரில் அடித்துக்கொள்ளவில்லை. கீழே உட்கார்ந்து, பெஞ்சில் விரித்து வைத்திருந்த தாள்களை ஒவ்வொன்றாக மடித்துப் பைக்குள் வைக்கத் தொடங்கினாள். பூரணியின் பிறப்புச் சான்றிதழ். மாயாண்டியின் மரணச் சான்றிதழ். அந்தப் பத்துச் சீட்டு. சந்தை முடிந்து கடையைக் கட்டுகிறவளின் கைகளைப் போல இருந்தன அவளுடைய கைகள். முப்பத்தொரு வருஷத்தில் எத்தனையோ ரயில்களை வழியனுப்பியிருக்கிறேன். அந்தக் கைகளைப் பார்க்க என்னால் முடியவில்லை. சுவரைப் பார்த்தேன். அதுவும் சாய்ந்துதான் இருந்தது.

"எங்கதாங்க போவோம்?" என்றாள், யாரிடமும் இல்லாமல்.

பைஸர் நானா உபதேசியாருடைய சுத்தப் பிரதியின் கடைசிப் பக்கத்தை விரித்து, கண்ணாடி தாளில் முட்டும்படி குனிந்தார்.

"அழகான கையெழுத்து உபதேசியாரே. முத்துக் கோத்த மாதிரி. பத்துக் கொப்பியிலயும் ஒரு அடித்தல் இல்லை. இந்த ஒரு பக்கத்துல மட்டும் மூணு இடத்துல மை கொட்டியிருக்கு. ஒரு தாளைக் கிழிச்சு மறுபடி எழுதியிருக்கீங்க, தையல்ல தும்பு நிக்குது. இந்தப் பக்கத்துல என்ன எழுதியிருக்கு?"

நானா தானே பார்த்துச் சொன்னார்.

"மேற்றிராணியார் தனக்குப் பின்னால வர்றவங்களுக்குக் கேட்டுக்கிட்டது. 'என் நடை நாட்டுப்புறத்து நடைதான், ஆனாலும் இதுல ஒண்ணை எடுத்து ஒண்ணை விட்டுடாதீங்க, அழிச்சுடாதீங்க. அழிச்சா நியாயத்தீர்ப்பு நாள்ல பிசாசோட சேர்ந்து தண்டனை வாங்குவீங்க' என்கிற மாதிரி ஒரு சாபம். இதைக் கை நடுங்க நடுங்க ரெண்டு தடவை எழுதின மனுஷன், அதே கையால ஒரு கொப்பியை எரிச்சிருப்பாரா அண்ணே?"

"எரிக்க மாட்டாரு," என்றேன். "ஆனா யாரும் பாக்காத இடத்துல வைப்பாரு."

"கோயிலை விட்டு வெளியேயும் கொண்டு போக மாட்டாரு. பயம்."

அப்போது அம்மாக்கண்ணுவின் மடியிலிருந்து எலுமிச்சங்காய் நழுவி விழுந்தது. சரிந்த தரையில் அது உருள ஆரம்பித்ததை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். பதுளை மெயில் ரயில் பள்ளத்தில் இறங்குவது போலப் பெஞ்சுகளைக் கடந்து, அலமாரியைக் கடந்து, மாதாவின் காலடியைக் கடந்து, கால் ஆர்மோனியத்தின் அடியில் போய் 'டொக்' என்று நின்றது.

நானா எழுந்து நின்றார்.

"அண்ணே, பாதர் லூயியோட அடக்கத்துக்கு நீங்க வந்தீங்கதானே?"

"வந்தேன்."

"அன்னைக்கு ஆர்மோனியம் எப்படி இருந்துச்சு?"

யோசித்தேன். "சாஞ்சுதான் இருந்துச்சு. வாசிச்ச ஆளு வலப்பக்கம் சறுக்கிச் சறுக்கி விழுந்தாரு. பாட்டு முடியறதுக்குள்ள அவரு வாசலுக்கே போயிடுவாரோன்னு பாத்தேன்."

"இந்தக் கோயில்ல மாதாவே சாஞ்சு நிக்கிறாங்க. அந்தப் பெட்டி மட்டும் எப்படி ஒரு வருஷத்துல நிமிர்ந்துச்சு?"

நானும் அவரும் சேர்ந்து ஒரு பக்கத்தைத் தூக்கினோம். பத்து யானை கனம் அது. பள்ளத்துப் பக்கத்துக் காலுக்கு அடியில் ஒரு பலகைத் துண்டு. பலகைக்கும் தரைக்கும் நடுவில், மெழுகுத் துணியில் சுற்றிய ஒரு கொப்பி. பக்கத்தில் எலுமிச்சங்காய்.

உபதேசியார் சவரிமுத்து அருகில் இருந்த பெஞ்சில் உட்கார்ந்து முகத்தைப் பொத்திக்கொண்டார்.

நான்தான் வாசித்தேன். பாதர் லூயியின் எழுத்து கோழி கிளறியது மாதிரி. தமிழும் மலையேறி மூச்சு வாங்கிய தமிழ். ஆனால் நாள் தவறவில்லை. 1941 மார்ச் பதினாலாம் தேதி, மாயாண்டியும் மனைவி அம்மாக்கண்ணுவும் நாற்பது நாள் குழந்தையும் கோயிலுக்குள் வந்தார்கள். ஏப்ரலில் குழந்தைக்குச் சளி. மே மாதம் அம்மாக்கண்ணு கோயில் முற்றத்தில் பூசணி போட்டாள். அம்மாக்கண்ணு போர்த்தியிருந்த கம்பளியின் ஓரத்தை வாயில் கடித்துக்கொண்டு கேட்டாள். "காய்ச்சுதுங்க," என்றாள் ஒரு தடவை. "பதினேழு காய்."

அடுத்த தாளைத் திருப்பினேன். ஒரு வரி வாசித்தேன். நிறுத்திவிட்டேன்.

"வாசிங்க அண்ணே."

"நானா..."

"வாசிங்க."

'ஜூன் ஒன்பது. இவர்கள் இங்கே ஒளிந்திருப்பதை என் உபதேசி சவரிமுத்து தோட்டத்துப் பெரிய கங்காணியிடம் சொல்லிவிட்டான். அவனுக்குத் தோட்டப் பள்ளிக்கூடத்தில் வாத்தியார் வேலை தருவதாகச் சொன்னார்களாம். வெளியே கஷாயம் வாங்கப் போன மாயாண்டியைப் பிடித்துக் காலை முறித்துவிட்டார்கள். நான் பூசை உடுப்போடு வாசலில் நின்றேன். உள்ளே இருந்தவர்களை விடவில்லை.'

வேலையும் கிடைக்கவில்லை என்று எனக்குத் தெரியும். சவரிமுத்து ஒரு நாளும் வாத்தியாராக இருந்ததில்லை.

மணி பதினொன்று ஐம்பது. நான் நானாவைத் தனியே இழுத்தேன். "இந்த ஒரு தாளைக் கிழிச்சுட்டாப் போவுது. பாவம், வயசான மனுஷன். மத்தது போதும்தானே?"

"நடுவுல நூல் தைச்ச கொப்பி அண்ணே. இந்தத் தாளைக் கிழிச்சா இதோட சோடித் தாள் அந்தப் பக்கம் கழண்டு வரும்." அவர் புரட்டிக் காட்டினார். சோடித் தாளில் 1942 மே மாதம். புதுத் தோட்டத்தில் பேர் பதிந்து அவர்கள் கோயிலை விட்டுப் போன நாள். "கழண்ட கொப்பியை எந்தக் கந்தோர்ல நம்புவாங்க? இன்னொண்ணு. இது பாதர் கையெழுத்துதான்னு சொல்ல ஊர்ல ஒரே ஒரு ஆள்தான் இருக்காரு."

நாங்கள் திரும்பிப் பார்த்தோம். அந்த ஒரே ஒரு ஆள் ஏற்கெனவே எழுந்து குடையைத் தேடிக்கொண்டிருந்தார்.

பஸ்ஸைப் பற்றிச் சொன்னால் நம்ப மாட்டீர்கள். நூற்றெழுபது பேர், ஆறு கோழி, ஒரு தையல் மெஷின். ஒரு வளைவில் மண் சரிந்து கிடந்ததால் கடைசி ஒரு மைல் இறங்கி நடந்தோம். கொப்பி அம்மாக்கண்ணுவின் வயிற்றுக்கும் கம்பளிக்கும் நடுவில் இருந்தது. கந்தோர் வாசலில் அவள் பெயரை இரண்டாவது தடவை கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

விசாரணை அதிகாரி ஒரு சிங்களப் பெரியவர். தமிழ் நன்றாகத் தெரியும். அவருக்கு முன்னால் இருந்த கோப்பில், '1941 - 42' என்ற இடத்தில் சிவப்புப் பென்சிலால் பெரிய கேள்விக்குறி ஒன்று.

கொப்பியைப் புரட்டினார். முகர்ந்து பார்த்தார். "புதுசா எழுதிப் பழசு மாதிரிப் பண்ணிக்கொண்டு வர்றாங்க," என்றார். கோபமாக அல்ல, களைப்பாக. "இந்த மாசம் மட்டும் ஏழு பாத்தேன். இது யார் எழுத்து?"

"எங்க பாதர் எழுத்துங்க," என்றார் உபதேசியார். "இருபத்தஞ்சு வருஷம் பாத்திருக்கேன்."

"வாசிங்க."

வாசித்தார். மார்ச். ஏப்ரல். சளி. பூசணி. தாளைத் திருப்பினார். மை ஊறிய அந்த விரல் வரியின் மேல் நின்றது. என் மார்பு அடித்த அடியில் பக்கத்து அறைத் தட்டச்சு மெஷின் நின்றுவிட்டது என்று நான் இன்றைக்கும் சத்தியம் செய்வேன். இரண்டு வரிகளைத் தாண்டி ஜூலைக்குப் போய்விடலாம். அதிகாரி சன்னலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

சவரிமுத்து தாண்டவில்லை. "ஜூன் ஒன்பது," என்று தொடங்கி, தன் பேர் வந்த இடத்தில் குரலைத் தாழ்த்தாமல், முறிந்த கால்வரை ஒரு எழுத்து விடாமல் வாசித்தார்.

அதிகாரி திரும்பினார். "யார் இந்த உபதேசி? உயிரோட இருக்கிறாரா?"

"நாந்தாங்க ஐயா."

நீண்ட நேரம் அவர் சவரிமுத்துவையே பார்த்தார். பிறகு கொப்பியைத் தன் பக்கம் இழுத்து, மே மாதம்வரை தானே வாசித்தார். பென்சிலின் மறுமுனையில் இருந்த ரப்பரால் கேள்விக்குறியை அழிக்கத் தொடங்கினார். அழுத்தமாகப் போட்ட குறி. வெகு நேரம் பிடித்தது.

"பொய்க் கொப்பி கட்டுறவன்," என்றார், தலை நிமிராமல், "அதுக்குள்ள தன்னையே காட்டிக் கொடுக்க மாட்டான்." அழித்த இடத்தில் இரண்டு சொல் எழுதினார். அதை எங்களுக்கும் தமிழில் சொன்னார்: "இடைவெளி இல்லை."

வெளியே வந்தோம். மழை தூறலாக இறங்கியிருந்தது. பைஸர் நானா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அது இல்லாமல் அவர் யாரோ மாதிரி இருந்தார். சவரிமுத்து அம்மாக்கண்ணுவின் முன்னால் வந்து நின்றார்.

"தெரியுமுங்க," என்றாள் அவள்.

"என்னது?"

"நீங்கதான்னு அன்னைக்கே தெரியும். எங்க வீட்டுக்காரருக்கும் தெரியும். சாமிதான் கேட்டுக்கிட்டாரு. 'அவன் ஒரு நாள் தானா வந்து சொல்லுவான் தாயி, அதுவரைக்கும் நீங்க வாய் திறக்காதீங்க'ன்னு." அவள் பையிலிருந்து எலுமிச்சங்காயை எடுத்து அவர் கையில் வைத்தாள். "பதினாறு வருஷம் ஆக்கிட்டீங்களே ஐயா."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, ஒன்றும் தெரியாதவன் போல நான் அந்தக் கோயில் பக்கம் போய் எட்டிப் பார்த்தேன். பதினோரு கொப்பியும் நாலாவது ஓட்டையில் மாட்டிய வாருக்குள் அடங்கி அலமாரியில் இருந்தன. ஆர்மோனியம் மற்ற எல்லாவற்றையும் போல வலப்பக்கம் சாய்ந்திருந்தது. உபதேசியார் சவரிமுத்து சறுக்கிச் சறுக்கி வாசித்துக்கொண்டிருந்தார்.